தேயாமல் காத்த டிரைவ்

போன சனிக்கிழமை காலை கணினியைத் திறந்தேன். டெஸ்க்டொப்பில் ஒன்றுமே இல்லை. வெறும் நீலம்.

வாரம் முழுக்கப் பின்னேரங்களில் உட்கார்ந்து நான் தயாரித்த வினாத்தாள் அங்கேதான் இருந்தது. உடுப்பிட்டியில் பதினோராம் தரத்துக்குப் புவியியல் படிப்பிக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்தானே? தவணைப் பரீட்சைத் தாளைத் திங்கட்கிழமை அதிபரிடம் கொடுத்தாக வேண்டும். அதிலும் அந்த மலை! சமவுயரக் கோடு ஒவ்வொன்றையும் மவுஸால் இழுத்து இழுத்து நான் வரைந்த மலை... அழுகையே வந்துவிட்டது.

சேவ் பண்ண மறந்துவிட்டேனா? இல்லை. முந்தினநாள் பின்னேரம் வானம் மின்னத் தொடங்கியதும் என் கணவர் ஓடிவந்து கணினியை ஓஃப் பண்ணி, பிளக்கையும் கழற்றிவிட்டார். அதற்கு முன்பே நான் சேவ் பண்ணிவிட்டேன். சத்தியமாக.

கூப்பிட்டுக் கேட்டேன். மனிதர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல வாய் திறந்தார்.

"நீர் அதை டெஸ்க்டொப்பிலையோ வைச்சனீர்?"

எல்லாம் அந்த எஸ்.எஸ்.டி.யால் வந்த வினை.

எங்கள் கணினியில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். காசில்லாமல் கிடைப்பதால் இவர் அதன் பரம பக்தர். சில மாதங்களுக்கு முன், கொடிகாமத்தில் கணினிக்கடை வைத்திருக்கும் இவருடைய நண்பர் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஃபைல்களைச் சேமிக்க எஸ்.எஸ்.டி. டிரைவ் ஒன்றைப் பூட்டித் தந்தார். உள்ளங்கையளவு சாமான். முன்பு நான் தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகே விழித்த கணினி, இப்போது கதிரையை இழுக்கமுன் தயாராகிவிடுகிறது.

பராமரிப்பு? வாரத்துக்கு ஒருமுறை லினக்ஸ் தானாகவே அதைத் துப்புரவு செய்துகொள்ளும். நிரம்பி வழிய விடாதீர்கள். முக்கியமானதை வேறெங்காவது ஒரு பிரதி எடுத்து வையுங்கள். மற்றப்படி சும்மா இருந்தாலே போதும் என்றார் நண்பர்.

சும்மா இருப்பதா? எங்கள் ஆளா?

அந்த டிரைவ் எழுத எழுதத் தேயும் என்று இன்டர்நெட்டில் எங்கோ வாசித்துவிட்டார். அவ்வளவுதான். டிவி ரிமோட்டின் பொலித்தீன் உறையை இன்றுவரை கழற்ற விடாத மனிதர் அவர். அவரை மட்டும் சொல்லி என்ன? நல்ல கோப்பைகளை வெளிநாட்டுச் சொந்தம் வந்தால் மட்டும் வெளியே எடுக்கிற ஊர்தானே எங்களுடையது. பாவித்தால் பழுதாகிவிடும் – இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம்.

முதலில் தற்காலிக ஃபைல்களெல்லாம் டிரைவைத் தொடாமல் ரேம் என்கிற மெமரியிலேயே இருக்கும்படி செய்தார். பிறகு பிரவுசர் சேர்த்து வைப்பதையெல்லாம். பிறகு ஆசை கூடி, டெஸ்க்டொப்பையே தூக்கி அங்கே வைத்துவிட்டார். மெமரியில் கிடப்பது கணினி ஓடும்வரைதான். ஓஃப் பண்ணினால்... போனது போனதுதான். அந்த வாரம் முழுக்க இரவில் கணினியைத் தூங்கப் போட்டோமே தவிர, மின்னல் வரும்வரை ஓஃப் பண்ணவே இல்லை.

இதை எனக்குச் சொன்னாராம். எப்போது? நான் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டு நின்றபோதாம்!

திட்டித் தீர்த்தேன். முதல் வேலையாக டெஸ்க்டொப்பைத் திரும்ப டிரைவுக்கே கொண்டுவர வைத்தேன். பிறகு அவரையே கதிரையில் இருத்தினேன். கேள்விகளை நான் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். மலையையும் அவர்தான் வரைந்தார். முதல் மலையில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு ஓடின. அதைப் பார்த்தால் என் வகுப்புப் பிள்ளைகளே சிரிப்பார்கள். அழித்துவிட்டுத் திரும்ப வரையச் சொன்னேன். ஒவ்வொரு கோட்டுக்கும் சேவ் பண்ணச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் பல்லுப் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி முகத்தைச் சுளித்தார்.

ஞாயிறு பின்னேரம். மலையுச்சி மட்டும் மிச்சம். அந்த இடைவெளியில் ஏதோ கட்டளையைத் தட்டி, டிரைவின் உடல்நிலையைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இஞ்சை பாரும், நூத்துக்கு ஒரு வீதந்தான் தேஞ்சிருக்கு. இது எங்களுக்குப் பிறகும் கிடக்கும்."

"ஓம், உது கிடக்கும். திறந்து பாக்கிறவைக்கு உள்ளுக்கை ஏதாவது கிடக்க வேண்டாமோ?"

அவர் திரும்பி உட்கார்ந்து, கடைசிக் கோட்டை வளைத்து முடித்தார். நான் வாய் திறக்கமுன்பே சேவ் பண்ணினார்.

இரண்டு தடவை.