ஆவாரைக்குக் களை எடுத்துவிட்டார்கள்

காலையில் குடிபாலாவுக்குப் பஸ் ஏறினேன். மச்சான் சேகர், பெண்டாட்டிக்கு ஆபரேஷன் என்று திருப்பதி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். "மாமா, நெலத்துல செடி எப்பிடி கீதுன்னு பாத்துட்டு வா" என்று போன் போட்டிருந்தான்.

செடி என்றால் ஆவாரை. போர் வற்றி மாமரம் காய்ந்துபோன நிலம் அது. தண்ணீர் கேட்காத செடியாச்சே, பூவும் மருந்துக்கு விலைபோகுமே என்று விதையைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து விதைத்தான். இதுவும் தேறாவிட்டால் நிலத்தை விற்றுவிடப் போவதாகச் சொல்லியிருந்தான்.

"ரோட்டோரம் சும்மா மொளைக்கிறத வெதைச்ச மொத ஆளு நீதான்டா" என்று நான் ஓட்டாத நாளில்லை.

போய்ப் பார்த்தால் நிலம் மொட்டையாகக் கிடக்கிறது.

பக்கத்து நிலத்துக் கோவிந்தம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். "பாத்தியாண்ணா? பாவம், அவுங்க ஆஸ்பத்திரில கஷ்டப்பட்டுக்கினு கீறாங்கன்னு நாங்களே சேந்து களை எடுத்துட்டோம். ஒரே ஆவாரைக் கண்ணு! ஒண்ணு விடாம புடுங்கிப் போட்டோம். கூலி கீலி குடுக்கப் போறான், வாணாம்னு சொல்லு."

"நல்லா இரும்மா" என்றேன்.

திரும்பும் வழியில் ஏரிக்கரை முழுக்க, யாரும் விதைக்காத ஆவாரை மஞ்சளாகப் பூத்திருந்தது.

பஸ்ஸில் மறுபடியும் போன். "செடி எப்பிடி கீது மாமா?"

"நெலத்துல ஒரு களை இல்லடா" என்றேன்.

"அப்பாடா" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறான். என்ன சொல்வது என்று யாராவது எழுதுங்கள். கேலி மட்டும் வேண்டாம். அது என் வேலை, இன்று எனக்கே வரவில்லை.