அம்மா அடித்த ஆணிகள்

தினமும் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அப்பாவின் செய்தி வந்து விழுந்துவிடும். உதிக்கிற சூரியன் படம், அதற்குக் கீழே சின்னச் சின்னப் பழக்கங்களால் வாழ்க்கையை மாற்றிக்கொள்வது எப்படி என்று நாலு வரி. இன்றைக்கு வந்ததை நான் படுத்துக்கொண்டே படித்தேன். முதல் அடியை எடுத்து வைத்தால் மிச்ச அடிகள் தானாக வருமாம். எனக்கு முதல் அடிக்கே கால் வரவில்லை. பிள்ளைகளைக் கிளப்பி, டிபன் கட்டி, எட்டே முக்கால் பஸ்ஸைப் பிடித்து ஆபீஸ் போக வேண்டும். நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான். கல்யாணமாகி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து பதின்மூன்று வருஷத்தில், ஒரு நாள்கூட ஆசையாக எழுந்ததாக ஞாபகம் இல்லை.

ராஜபாளையத்தில் அப்பாவுக்கு நல்ல பெயர். சேத்தூர் போகிற ரோட்டில் காலையில் நடக்கிறவர்களுக்கு அவர்தான் தலைவர். மழையானாலும் நிற்க மாட்டார். "பட்டாளத்து ஒழுங்குன்னா இதுதான்" என்பார்கள். அப்பாவும் மறுப்பதில்லை. அம்மா அந்த வாட்ஸ்அப் குழுவில் இல்லை. அவளிடம் இருப்பது பட்டன் போன். அந்த நேரத்தில் அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருப்பாள்.

எனக்கு ஒன்பது வயதில் பார்த்த அப்பா வேறு. பதினேழு வருஷ சர்வீஸ் முடித்து, டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஒரு மாசம் சொந்தக்காரர்கள் வந்தார்கள், கறிச்சோறு சாப்பிட்டார்கள், பார்டர் கதை கேட்டார்கள். அப்புறம் யாரும் வரவில்லை. அப்பா இரும்புக் கட்டிலில் படுத்தார். படுத்தவர் படுத்தவர்தான். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, குடிப் பழக்கமும் இல்லை. விசில் ஊதி எழுப்ப ஆள் இல்லாத இடத்தில் எதற்காக எழுவது என்று அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரியப்பா ஒரு சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக்குக் கூட்டிப்போய்ப் பெருமாளைச் சேவிக்கவைத்தார். படியேறி இறங்கிய அசதிக்கும் சேர்த்து அப்பா வந்து படுத்தார். "பட்டாளத்துக்காரர் ரெஸ்ட் எடுக்காரு" என்று தெருவில் சொல்ல ஆரம்பித்தபோது, அம்மா தெருவில் நடக்கிற வேகத்தைக் கூட்டிக்கொண்டாள்.

அம்மா நூல் மில்லில், நூலைக் கூம்புகளில் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் இருந்தாள். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. முதல் ஷிப்டுக்கு விடியுமுன்னே ஐந்தே காலுக்குத் தெருமுனையில் வேன் வந்துவிடும். நாலு மணிக்கே அம்மா பாயில் எழுந்து உட்கார்ந்திருப்பதை அரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். செத்த நேரம் தன் பாதங்களையே பார்ப்பாள். பிறகு முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "சரி" என்பாள். யாரிடம் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுவாள். அப்பா ஒரு வேலையில் உட்கார்ந்துவிட்டால் மில்லை விட்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு நினைப்பு இருந்தது. சித்தியிடம் அவள் சொன்னதை நான் கேட்டேன்.

ஒரு நாள் அம்மா ஜவுளிக்கடையில் கொடுத்த தினசரிக் காலண்டரை எடுத்து, அப்பாவின் தலைமாட்டுச் சுவரில் மாட்டினாள். சுத்தியல் கிடையாது. இஞ்சி இடிக்கிற இரும்பு உலக்கையால்தான் ஆணி அடித்தாள்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். காலையில ஒரு தாளைக் கிழிச்சிட்டுப் படுத்துக்கோங்க. அம்புட்டுதான்."

அப்பா படுத்தபடியே கையை நீட்டிக் கிழித்தார். அதைக்கூடச் செய்யமாட்டேன் என்று சொல்ல அவருக்கே வெட்கமாக இருந்திருக்க வேண்டும். எட்டு நாள் கழித்து அம்மா ஆணியைப் பிடுங்கிக் கால்மாட்டில் அடித்தாள். கிழிக்க வேண்டுமென்றால் எழுந்து உட்கார வேண்டும். அடுத்து எதிர்ச் சுவர். எழுந்து நிற்க வேண்டும். அடுத்து அடுப்படி வாசல் நிலை. அதற்கு நேர் கீழே பிளாஸ்கில் காபி இருக்கும். பிறகு புறவாசலில் குழாய்க்கு மேலே. அங்கே வந்தவர் முகம் கழுவாமல் திரும்ப முடியவில்லை. வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தபோது, அம்மை கண்ட முகம் மாதிரி இருந்த சுவரைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சண்டை பிடித்தார். காலி பண்ணும்போது சுண்ணாம்பு பூசித் தருகிறேன் என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு லேசாகப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

காலண்டர் வாசல் கதவுக்கு வெளியே போனபோது, அப்பா சட்டை போட ஆரம்பித்தார். தெருவில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டு நிற்பார்களே. அதற்கடுத்த வாரம், அம்மா காலண்டரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பை ஒட்டிய அண்ணாச்சி கடைக்கே போய்விட்டாள்.

"கடையிலயே ரெண்டு காலண்டர் கெடக்கேம்மா" என்றார் அண்ணாச்சி.

"இது எங்க வீட்டுது அண்ணாச்சி. இங்கன ஓரமாத் தொங்கட்டும். அவுக வந்து கிழிப்பாக. வேற யாரும் தொட வேண்டாம்."

அதே சமயம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வங்கிக் கிளையில் காவலர் வேலைக்கு வந்து பார்க்கச் சொல்லி அப்பாவுக்கு ஒரு கார்டு வந்திருந்தது. போக வேண்டிய நாளுக்கு இன்னும் பத்து நாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்து பழகிவிட்டால் அன்றைக்குப் பஸ் ஏறிவிடுவார் என்பது அம்மாவின் கணக்கு. என்னிடம் அவள் அதை விளக்கிச் சொல்லவில்லை. காலண்டரைத் தொடாதே என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அந்த வாரம் மிட் டெர்ம் கணக்குப் பரீட்சை. காலையில் ரப்பர் வாங்கக் கடைக்குப் போனேன். அப்பா இன்னும் வரவில்லை, காலண்டரில் நேற்றைய தாள் இருந்தது. என் ராசிக்கு இன்றைக்கு என்ன போட்டிருக்கிறது என்று விரலால் தூக்கிப் பார்த்தேன். "வெற்றி" என்று போட்டிருந்தது. வருஷத்தில் ஒரு நாள் வருகிற வெற்றி, கணக்குப் பரீட்சையன்று வந்திருக்கிறது. அதை எப்படி விட்டுவிட்டுப் போவது? அண்ணாச்சி பருப்பு நிறுத்துக்கொண்டு இருந்தார். நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் சேர்த்துக் கிழித்து, வெற்றியை மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். முப்பத்தெட்டு மார்க் வந்தது என்பது வேறு விஷயம்.

நான் போன பிறகு அப்பா சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். காலண்டரில் நாளைய தேதி இருந்திருக்கிறது. கிழிக்க ஒன்றும் இல்லை. மறுநாளும் வந்திருக்கிறார். தேதி சரியாக இருந்தது. அன்றைக்கும் கிழிக்க ஒன்றும் இல்லை. "மக கிழிச்சிட்டுப் போயிருப்பா போல. நாளைக்கு வாங்க சார்" என்று அண்ணாச்சி நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் அப்பா எழவில்லை. நாலாம் நாள் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா அண்ணாச்சியிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து காட்டினேன். அதுவரை என்னை ஒரு அடி அடித்ததில்லை. அன்றைக்குக் கன்னத்தில் ஒன்று விட்டாள். ஒரு துண்டுத் தாளுக்கு இந்த அடியா என்று எனக்கு ஆறவே இல்லை. அடித்த கையை மடியில் வைத்துக்கொண்டு அவளும் அழுதாள்.

"எம்புட்டு நாளாச்சு தெரியுமாட்டி, அங்கன வரைக்கும் கொண்டுபோக."

கார்டில் இருந்த நாள் வந்தது, போனது. அப்பா கட்டிலில்தான் இருந்தார். அம்மா கடைக்குப் போய்க் காலண்டரை எடுத்து வந்தாள். நடந்து வந்த களைப்பில் கொஞ்ச நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய், தலைமாட்டில் முதன்முதலாக அடித்த அதே ஓட்டையில் ஆணியைச் செருகி, உலக்கையால் தட்டினாள்.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். கன்னம் வலித்தாலும் குற்றம் என்னுடையது என்பது தெரிந்திருந்தது. யாரும் பார்க்காதபோது சோற்றுப் பருக்கையை நசுக்கிப் பூசி, அந்த வெற்றித் தாளைத் திரும்பக் காலண்டரின் மேலே ஒட்டினேன். தாராளமாகவே பூசினேன்.

மறுநாள் அம்மா மில்லுக்குப் போன பிறகு அப்பா கண் விழித்தார். எப்போதோ முடிந்துபோன ஒரு தேதி தலைக்கு மேல் தொங்கியது. கையை நீட்டி இழுத்தார். பாதிதான் வந்தது. மீதியை நகத்தால் சுரண்டினார், வரவில்லை. எழுந்து உட்கார்ந்து சுரண்டினார். அப்புறம் நின்றுகொண்டு சுரண்டினார். கடைசியில் அடுப்படிக்குப் போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து, தொட்டுத் தொட்டு நனைத்து, துப்பாக்கியைத் துடைக்கிற கவனத்தோடு அரை மணி நேரம் அதை எடுத்தார்.

"ஏட்டி, என்னது இது, சோறா?" என்று கேட்டார். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் ஆமாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் படுக்கவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு என் தலையை வாரிவிட்டார். வகிடு கோணல்.

அப்பா விட்டுப்போன நாட்களின் தாள்கள் எல்லாம் காலண்டரில் அப்படியே இருந்தன. அப்பா ஒரே மூச்சாகக் கிழிக்கப் போனபோது அம்மா தடுத்தாள்.

"விட்டது விட்டதுதான். தெனம் ஒண்ணு மட்டும் கிழிங்க. போதும்."

அதனால் எங்கள் வீடு ஊரைவிட ஒன்பது நாள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஆடிப்பூரத் தேர் என்றைக்கு என்று பக்கத்து வீட்டில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஆணி மறுபடியும் கால்மாடு, எதிர்ச் சுவர், அடுப்படி, குழாய், வாசல், அண்ணாச்சி கடை என்று நகர்ந்தது. அம்மா அவசரப்படவில்லை. அவசரப்பட அவளிடம் தெம்பும் இல்லை. மில்லிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் முதலில் காலண்டரைப் பார்ப்பாள். தேதி மாறியிருந்தால்தான் உட்கார்வாள். மாலையில் அவள் கால் வீங்கியிருக்கும். சுவரில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு கீரை ஆய்வாள். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுப்பேன்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே வேறொரு கிளையிலிருந்து கார்டு வந்தது. அப்பா போனார். எடுத்துக்கொண்டார்கள். வேலையில் சேரும் நாள் காலையில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, மீசையைச் சரிசெய்துகொண்டு, அண்ணாச்சி கடையில் ஒரு தாளைக் கிழித்துவிட்டு, பஸ் ஏறினார். நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் நின்று பார்த்தேன். எனக்கு அவ்வளவு பெருமை. பஸ் போன பிறகும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், வீடு கூட்டாமல் கிடந்தது. உலை வைக்கவில்லை. அம்மா அப்பாவின் இரும்புக் கட்டிலில், மில் சேலையோடு, தலையில் ஒட்டிய பஞ்சோடு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பகலில் அவள் படுத்து நான் பார்த்ததே இல்லை.

"அம்மா, பசிக்கி."

"ஏட்டி, செத்த நேரம் இரு."

"காச்சலா?"

"இல்ல."

"பொறவு ஏன் படுத்திருக்க?"

அவள் தூங்கவில்லை, கண் திறந்துதான் இருந்தது. ரெண்டு தடவை தோளைப் பிடித்து உலுக்கினேன். எரிச்சலாக வந்தது. வெறும் வயிற்றோடு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆறரைக்கு அப்பா வந்தார். கையில் பால்கோவாப் பொட்டலம். தெருவில் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு, நிமிர்ந்த நடையோடு உள்ளே வந்தார். நான் முந்திக்கொண்டு, அம்மா வந்ததிலிருந்து படுத்தே இருக்கிறாள், ஒன்றும் சமைக்கவில்லை என்று சொன்னேன். அப்பா கட்டிலைப் பார்த்தார்.

"என்ன, விளக்கு வைக்கிற நேரத்துல படுத்துக்கிட்டு? எந்திரி. மனுசன்னா ஒரு சுறுசுறுப்பு வேண்டாமா?"

கோபமாகச் சொல்லவில்லை. புதுச் சந்தோஷத்தில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகவே சிரித்தேன். அம்மா மெதுவாகத் திரும்பி எழுந்து உட்கார்ந்தாள். செத்த நேரம் தன் பாதங்களைப் பார்த்தாள். முழங்காலில் ஒரு தட்டுத் தட்டி, "சரி" என்றாள். காபி போட அடுப்படிக்குப் போனாள். மறுநாள் ஐந்தே காலுக்கு வழக்கம்போல வேன் வந்தது, அம்மா ஏறினாள். மில்லை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை; அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஏறினாள்.

அன்றைக்கு நான் அவள் படுத்திருந்த இடத்திலேயே உட்கார்ந்து பால்கோவா தின்றேன். கட்டில் இன்னும் சூடாக இருந்தது. அப்பா சொன்னதுதான் நியாயம் என்று எனக்குப் பட்டது.