சாராள் போட்ட கைப்பிடிக் கேப்பை

சாராளை ஞாபகம் இருக்கிறதா? ஐந்து வாரங்களுக்கு முன்னால் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதினேனே – தானே கஞ்சிக்குத் திண்டாடினாலும் கோயிலுக்குப் போடுகிற கைப்பிடியை மட்டும் குறைக்காத பெண் என்று? அதற்கு எத்தனை கடிதங்கள்! குடும்ப ஜெபத்தில் வாசித்தோம் என்று ஒருவர். மனசு உருகிவிட்டது என்று இன்னொருவர்.

போன வாரம் வியாழக்கிழமை, அந்தச் சாராளின் கடைசிப் பிள்ளை மல்லாட்டைக் கொல்லையில் மயங்கி விழுந்தது.

நாலு வயசுப் பெண். எஸ்தர் என்று பேர் வைத்ததும் நான்தான். மல்லாட்டை என்றால் இங்கே நிலக்கடலை. அதைப் பிடுங்கி முடிந்த கொல்லையில், மண்ணைக் கிளறி விட்டுப்போன காய்களைப் பொறுக்கப் பெண்கள் போவார்கள். சாராளும் பிள்ளையோடு போயிருக்கிறாள். குனிந்து நிமிர்ந்து பார்த்தால் பிள்ளை கிடக்கிறது. தூக்கிக்கொண்டு நேரே எங்கள் வீட்டுக்குத்தான் ஓடிவந்தாள். வேறு எங்கே போவாள்?

புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நானும் என் மனைவி ஞானம்மாளும் தெற்கேயிருந்து ஊழியத்துக்கு வந்தவர்கள். பெருமுக்கலுக்குப் பக்கத்தில் ஒரு சேரி. அங்கே ஒரு ஓலைக் கோயில், அதை ஒட்டி எங்கள் ஓலை வீடு. வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூட்டங்களில் என்னை ‘சீனியர் மிஷனரி’ என்று அறிமுகப்படுத்துகிறார்கள். சீனியர் என்றால் வேறொன்றுமில்லை... மூட்டு வலி.

விடிந்தால் ஜெப மணி. பிறகு பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா. பிறகு நாலு சேரிக்கு சைக்கிள். இப்போது அதையும் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். யுத்தத்தில் டயர் எங்கே கிடைக்கிறது? ஞானம்மாள் கண்ணுக்கு மருந்து விடுவாள், காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை கொடுப்பாள், பிரசவம் பார்ப்பாள். சனிக்கிழமையானால் கூடையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவாள்.

அந்தக் கூடைதான் விஷயம். எங்கள் சபைகளில் ஒரு பழக்கம் – உலை வைக்குமுன் பெண்கள் ஒரு கைப்பிடித் தானியத்தை எடுத்துக் கோயிலுக்கென்று தனிச் சட்டியில் போட்டுவிட வேண்டும். தெற்கே எங்கள் ஊரில் அது அரிசி. இங்கே கேப்பை. ஏழைகூடக் கொடுக்கலாம், யாரும் யாருக்கும் சளைத்தவரல்ல – இப்படித்தான் நான் இதை இந்தச் சேரியில் ஆரம்பித்துவைத்தேன். ரொம்பப் பெருமையாக.

பர்மா அரிசி நின்றது. கூலி வேலை குறைந்தது. வீடுகளில் சட்டிகள் காலியாக ஆரம்பித்தன. சாராள் சட்டி மட்டும் நிறைந்திருந்தது. அவள் புருஷன் பட்டாளத்துக்கு மூட்டை தூக்கும் கூலி வேலைக்குப் போனவன். கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. நான் என்ன செய்திருக்க வேண்டும்? எப்படியம்மா முடிகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டேனா? பிரசங்கம் செய்தேன். அவளை எழுந்து நிற்கச் சொன்னேன். பத்தியும் எழுதினேன். அச்சில் வந்ததும் கோயிலில் வாசித்துக் காட்டி, பத்திரிகையையே அவள் கையில் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் ஒரு கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடியாகப் போட்டாளாம். இது எனக்கு இப்போதுதான் தெரியும்.

பிள்ளையை மாட்டு வண்டியில் போட்டுத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோனோம். டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“பெரிய வியாதி ஒண்ணும் இல்லீங்க. ரொம்ப நாளா வயித்துல ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா கஞ்சி குடுத்துக்கினு இருங்க. ஆனா... லேட்டு பண்ணிட்டீங்க ஐயா.”

அங்கேயே தங்க வேண்டும் என்றார். ஆஸ்பத்திரி என்றாலே சாராளுக்குப் பயம். அழுது அடம்பிடித்துத் திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் ஞானம்மாள் கேப்பைப் பானையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் போனேன். சாராள் குடிசையில் தலையைக் குனிந்து நுழைந்தால், எதிர்ச் சுவரில் என் பத்தி. களிமண்ணைக் குழைத்து ஒட்டியிருந்தாள். எழுத்துத் தெரியாதவள் இல்லையா, தலைகீழாக ஒட்டியிருந்தாள்.

பானையைப் பார்த்ததும் சாராள் பின்னால் நகர்ந்தாள்.

“இது கோயிலுக்குப் போட்ட கேப்பைதானே அம்மா? வாணாங்க. சாமிக்குன்னு போட்டதத் திருப்பி வாங்கினா புள்ளைக்கு ஆவாதுங்க.”

“சாமிக்கு உன் கேப்பை வேண்டாம் சாராள், உன் பிள்ளை பிழைக்கணும், அதுதான் வேண்டும்” என்றேன்.

“கோயில்ல வேற மாதிரி சொன்னீங்களே ஐயா...”

சொன்னேன்தான். சாமிக்கென்று வைத்ததைத் தொட்டால் ஆபத்து என்று மேடையில் நின்று கையை ஓங்கிச் சொன்னவன் நான்தான். இப்போது இல்லை, இல்லை என்றால் யார் நம்புவார்கள்? பானையோடு திரும்பினோம்.

வீட்டுக்கு வந்ததும் ஞானம்மாள் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன்.

“இந்தக் கேப்பை எங்கே போகுதுன்னு உங்களுக்குத் தெரியாதா?” என்றாள். “நாமதான திங்கோம்? அந்தப் பிள்ளை வாய்க்குப் போக வேண்டியத இத்தனை நாளும் நாம தின்னுருக்கோம்.”

உண்மை. தெற்கேயிருந்து வரும் எங்கள் சம்பளம் யுத்தம் வந்த பிறகு நேரத்துக்கு வருவதில்லை. ‘கூடைத் தானியம் ஐயா வீட்டுக்கே இருக்கட்டும்’ என்று சபையார் சொன்னார்கள். சரி என்று வாங்கிக்கொண்டோம். எது யார் சட்டியிலிருந்து வந்தது என்று யார் பார்த்தார்கள்? களி கிண்டினோம். ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை ஞானம்மாள் கூழ் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். “இது கோயில் கேப்பை இல்லைம்மா, எங்க ஊர்லேர்ந்து என் தம்பி அனுப்பினது” என்றாள். எனக்குத் தெரிந்து அவள் சொன்ன முதல் பொய். சாராள் நம்பினாள். பிள்ளை இரண்டு வாய் குடித்தது, கக்கியது. ஞாயிற்றுக்கிழமை அதுவும் இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்தோம். எத்தனையோ அடக்கங்களில் நான் வாசித்த வார்த்தைகள்தான். அன்றைக்கு அதில் ஒன்றைக்கூட என்னால் நம்பி வாசிக்க முடியவில்லை. இதை எழுதலாமா என்று யோசித்தேன். மனசு உருகியது என்று எழுதியவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டாமா?

நேற்று சனிக்கிழமை. ஞானம்மாள் கூடையைத் தொடவில்லை. இனிமேல் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நானும் சரி என்றேன். இந்தப் பழக்கமே ஒழியட்டும், நாங்கள் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம். ரொம்ப லேசாக, ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

பத்து மணி இருக்கும். வாசலில் சாராள். முந்தானையை முடிச்சாகப் பிடித்திருந்தாள்.

“அம்மா கூடை எடுத்துக்கினு வரலியே... ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு நானே எடுத்துக்கினு வந்தேன்.”

முடிச்சை அவிழ்த்தாள். கேப்பை. இரண்டு கைப்பிடி இருக்கும்.

ஞானம்மாள் உள்ளே போய்விட்டாள். அவள் அழுவது எனக்குக் கேட்டது.

“வேண்டாம்மா. இனிமே கோயிலுக்கு யாரும் கேப்பை போட வேண்டாம். கொண்டுபோ” என்றேன்.

சாராள் போகவில்லை.

“என்னாங்க ஐயா, நீங்களுமா?” என்றாள். “ஊருக்குள்ள எங் கையால ஒரு சொம்புத் தண்ணி வாங்குவாங்களா? இந்தக் கையால குடுத்தத நீங்க ஒர்த்தர்தான் வாங்கினீங்க. இப்ப நீங்களும் வாணாம்னா... எங் கையில இன்னா இருக்குது ஐயா?”

என்ன பதில் சொல்வீர்கள்? உன் கையில் குறை ஒன்றும் இல்லையம்மா, நாங்கள்தான் பாவிகள் என்று சொன்னால், வாங்க மறுக்கிறவன் சொல்கிற சாக்காகத்தான் அது அவளுக்குக் கேட்கும். அந்தக் கேப்பையைத் தொட எனக்கு மனசில்லை. தொடாவிட்டால், சேரிக்காரியின் கைப்பொருளைத் தொடாத ஊர்க்காரர்களோடு நானும் ஒருவன்.

இரண்டு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொண்டேன். சாராளுக்கு முகம் தெளிந்துவிட்டது. வர்றேங்க ஐயா என்று கும்பிட்டுவிட்டு ஜல்தியாகப் போனாள்.

அவள் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கின்றன.