ரம்பம் கவ்விய சட்டைக் கை

நல்லம்பள்ளி பக்கம் நானும் என் கணவரும் விறகுக் கடை வைத்திருக்கிறோம். மின்சார ரம்பத்தில் அவர் கட்டையைத் தள்ளுவார். அறுந்து விழும் துண்டுகளை எதிர்ப்பக்கம் நின்று நான் எடுத்துப் போடுவேன். தூசிக்காக, புடவைக்கு மேல் அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம்.

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டுக்குப் புளியங்கட்டை அறுத்துக்கொண்டிருந்தோம். பட்டன் இல்லாத சட்டைக் கை தொங்கியதை நான் கவனிக்கவில்லை. ஒரு துண்டை எடுக்கக் குனிந்ததும் ரம்பம் துணியைக் கவ்வி இழுத்தது. மணிக்கட்டு ரம்பப் பல்லை நெருங்கிவிட்டது. நைந்துபோன துணி என்பதால் சட்டைக் கை தோளோடு கிழிந்துகொண்டு போனது. என் கை தப்பியது.

அவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஓடி வந்தார். "கை இருக்குதா பாரு" என்றார்.

"இருக்குதுங்க."

விரல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது. அழுகையும் வரவில்லை, பயமும் வரவில்லை.

"மீதியையும் அறுத்துடலாங்களா?" என்று கேட்டேன்.

"போதும், வா வூட்டுக்குப் போலாம்" என்றார். வீட்டுக்கு வந்து சமைத்தேன், சாப்பிட்டேன். குழம்பில் உப்பு இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

இப்போது அரைக்கைச் சட்டைதான் போடுகிறேன். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொள்கிறேன். ரம்பம் முழுதாக நின்ற பிறகே துண்டுகளைத் தொடுகிறேன். நான் கையை எடுத்த பிறகே அவர் மறுபடி சுவிட்சைப் போடுகிறார். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. வாங்க வந்தவர்கள் அவசரப்படுத்தினால், "செத்த உக்காருங்க, அவ கையை எடுக்கட்டும்" என்கிறார் அவர்.