முந்தின நாள் பட்டியல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள், அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம், அதாவது ஓ.எஸ்., போடலாம் என்று இன்றும் என்னிடம்தான் கேட்கிறார்கள். விருதுநகரில் என் ரிப்பேர் கடைக்கு எண்ணெய் வியாபாரி வருவார், பருப்பு மண்டிக்காரர் வருவார், பிள்ளைக்குக் காலேஜில் இடம் கிடைத்த சந்தோஷத்தில் லேப்டாப் பெட்டியோடு ஆட்டோவில் வந்து இறங்குகிற அம்மாக்கள் வருவார்கள். முன்பெல்லாம் அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவேன். எனக்கு அவ்வளவு வாய். இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன்: "இத யாரு அணைப்பாக? எப்பிடி அணைப்பாக?" வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பாய்க்கு வயசாகிவிட்டது என்று சிலர் நினைக்கலாம். எனக்கு நாற்பத்தி நாலுதான் ஆகிறது.

அத்தா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். அந்த நெடிக்குத் தும்மித் தும்மியே நான் வேறு தொழில் தேடினேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி, எனக்குப் பழுதான சாமான்களின் மேல் இருந்த கிறுக்கு. செத்துப்போன கம்ப்யூட்டரை உயிர்ப்பித்துக் கொடுத்தால் ஆட்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகவே தொழில் செய்தேன் என்றுகூடச் சொல்லலாம். "எங்க விட்டமோ அங்கனயே கொண்டுவந்து நிப்பாட்டிட்டீகளே பாய்" என்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மூன்று கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பில் இருந்தன. இரண்டு மாடியில் முதலாளியின் அறையில். மூன்றாவது, கேட்டை ஒட்டிய சின்ன ஆபீஸில். அதில் உட்கார்ந்திருந்தது ஓர் அக்கா. பத்தொன்பது வருஷமாக அங்கே கிளார்க். தினமும் காலையில் போர்மேன் வந்து, எந்த ஆள் எந்த ரூமில் வெடிமருந்து வேலைக்கு உட்காருகிறார் என்று சொல்வார். அக்கா அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு தாள் எடுத்துக் கேட்டில் ஒட்டுவார். ஒரு ரூமில் இத்தனை பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். அதற்காகத்தான் அந்தப் பட்டியல். அது வேறு எதற்கும் பயன்படலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

அக்காவின் கம்ப்யூட்டரில் இருந்தது அரதப் பழைய ஓ.எஸ். அதைத் தயாரித்தவர்களே கைகழுவி வருஷக்கணக்காகிவிட்டது. அதை மாற்ற வேண்டும் என்று முதலாளியிடம் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வைரஸ் வந்தால் மூன்று மெஷினும் போகும் என்று பயமுறுத்தினேன். அது பொய்யில்லை. ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து யோசித்தோம். பழையதையே வைத்திருப்பது ஒரு வழி. இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு வழி. எனக்கு அதன் மேல் ஆசைதான், ஆனால் பட்டியல் போடும் சாப்ட்வேர் அதில் ஓடாது, அக்கா பழகிய தமிழ் டைப்பிங்கும் தகராறு செய்யும். மூன்றாவது, காசு கொடுத்து வாங்கும் புது ஓ.எஸ். அது தன்னைத்தானே அப்டேட் செய்துகொள்ளும், யாரும் பார்க்க வேண்டியதில்லை. அதைத்தான் போட்டேன். விலை பார்த்தேன், வைரஸ் பார்த்தேன், பழக எளிதா என்று பார்த்தேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் இடியைப் பற்றிச் சொல்லியிருப்பார்.

அந்தப் பக்கத்தில் மேற்கே மேகம் கறுத்தால் மணி அடிப்பார்கள். ஆட்கள் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு ரூமை விட்டு வெளியேற வேண்டும். அதே நேரத்தில் ஆபீஸில் மெயினை இறக்கி, யு.பி.எஸ். பெட்டியை அணைத்து, வயரையும் சுவரிலிருந்து உருவி விடுவார்கள். "கம்ப்யூட்டரை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள்" என்ற பேச்செல்லாம் அங்கே எடுபடாது. மின்னல் இறங்கி ஆள் செத்த ஊர்கள் அவை. பத்தொன்பது வருஷமாக அக்காவின் கை அப்படித்தான் பழகியிருந்தது, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் அதே பழக்கம்தான். பழைய ஓ.எஸ். அந்த அடியை வாங்கி வாங்கி மறுநாள் முனகிக்கொண்டே எழுந்துவிடும். புதியது அப்படியில்லை. தனக்குத் தோன்றிய நேரத்தில் அப்டேட்டைத் தொடங்கிவிட்டு, 'அணைக்காதீர்கள்' என்று திரையில் எழுதி வைக்கும்.

இன்னொரு காரியமும் செய்தேன். அக்கா அதுவரை பட்டியலை முதலில் ஒரு நோட்டில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நோட்டில் ஒன்று, கம்ப்யூட்டரில் ஒன்று என்று இருந்து, சோதனைக்கு வந்தவர்கள் முன்னால் முதலாளி அவரைத் திட்டிவிட்டார். "ரெண்டு எடத்துல எதுக்குக்கா எழுதுறீக? ஒண்ணு போதும், கம்ப்யூட்டர் மறக்காது" என்று நான் சொன்னேன். நோட்டை அலமாரியில் வைத்துவிட்டார்.

தீபாவளிக்கு ஐந்து வாரம் இருந்தது. சீசன் உச்சம். ஒரு நாள் மதியம் மூன்றரைக்கு மேற்கே இருட்டியது, மணி அடித்தார்கள். திரையில் 'அணைக்காதீர்கள்' என்று இருந்ததாம். அக்கா அதைப் படித்தாராம், ஒரு நொடி தயங்கினாராம். அந்த ஒரு நொடித் தயக்கத்துக்காகக்கூட அவர் தன்னையே திட்டிக்கொண்டதாகப் பின்னால் சொன்னார். மெயினை இறக்கிவிட்டார். அவர் செய்தது சரி. அந்த இடத்தில் நானும் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை எட்டே காலுக்குப் போன் வந்தது.

"பாய், எந்திரிக்கவே மாட்டேங்குது. வட்டமா சுத்திக்கிட்டே இருக்கு. போர்மேன் வந்து ஆள் சொல்றாரு. நோட்டுல எழுதிக்கிடவா?"

"ஒண்ணும் செய்யாதீகக்கா. அர மணி நேரத்துல நான் அங்கன இருப்பேன். வந்ததும் நேரா ஏத்திக்கிடலாம்."

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்று, போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. போர்மேன் காத்திருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பென்டிரைவைச் சொருகி வேலையைத் தொடங்கினேன். கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. எங்கள் வழக்கப்படி, கடைசியாக எல்லாம் நன்றாக இருந்த நிலைக்கு மெஷினைத் திருப்பிக் கொண்டுபோனேன். பத்தே காலுக்குத் திரை வந்தது, பட்டியல் வந்தது. அக்கா "அப்பாடி" என்றார். நான் சட்டைக் காலரை லேசாகத் தூக்கி விட்டுக்கொண்டேன். விளையாட்டுக்குத்தான். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அக்கா போர்மேனைக் கூட்டி வர எழுந்தார். அப்போதுதான் வெடித்தது.

அந்தச் சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. ஜன்னல் கண்ணாடி மேஜை மேல் விழுந்தது. வெளியே வந்தால் பதினான்காம் நம்பர் ரூம் இருந்த இடத்தில் புகை. மற்ற ரூம்களில் இருந்தவர்கள் பின்பக்கம் கருவேலங்காட்டுக்குள் ஓடினார்கள். போர்மேன் புகையை நோக்கி ஓடினார். பத்து நிமிஷத்தில் கேட்டில் ஊர் ஜனம் கூடிவிட்டது.

முதலில் உள்ளே வந்தவர் எனக்கு முகப் பழக்கம் உள்ளவர்தான். அட்டைப்பெட்டி லோடு ஏற்றி வரும் வண்டியின் டிரைவர். அவர் மனைவி அங்கே வேலை செய்தார். கேட்டில் அன்றைய தாள் இல்லை. அவர் நேராக ஆபீஸுக்குள் வந்தார்.

"எம் பொண்டாட்டி எந்த ரூமுல இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். பேர் இருந்தது, எதிரே நம்பர் இருந்தது.

"ஆறாம் நம்பர்" என்றேன்.

அந்த மனிதர் அப்படியே சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நல்லாருப்பீக" என்றார். ஆறாம் நம்பர்காரர்கள் எல்லாரும் காட்டு வழியாக ஊருக்குள் ஓடிவிட்டார்கள் என்று வெளியில் யாரோ சொன்னார்கள். அவர் அவளைத் தேடிக்கொண்டு ஊருக்குள் போனார்.

ஆம்புலன்ஸ் வந்தது. உயிரோடு இரண்டு பேரைத் தூக்கி வந்தார்கள். ஒருவரை அடையாளம் தெரிந்தது, அவருடைய தம்பி கூட ஏறிக்கொண்டார். இன்னொருவர் ஒரு பெண். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. "இந்தம்மாவுக்குக் கூட யாரு வர்றீக?" என்று ஆம்புலன்ஸ்காரர் இரண்டு தடவை கத்தினார். கூட்டத்தில் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எவரும் ஏறவில்லை. கதவைச் சாத்திவிட்டு வண்டி மதுரைக்குக் கிளம்பியது.

முக்கால் மணி நேரம் கழித்துப் போர்மேன் ஆபீஸுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். தலைமுடி கருகியிருந்தது. பதினான்காம் நம்பரில் இருந்தவர்களின் பேரை விரல் விட்டுச் சொன்னார். லோடு டிரைவரின் மனைவி பேரும் வந்தது.

"அந்தப் புள்ள ஆறுல" என்றேன்.

"நேத்து ஆறு. இன்னைக்கு ஒரு ஆளு வரல, காலைல நாந்தேன் அதைப் பதினாலுக்கு மாத்தி உக்கார வச்சேன்" என்றார்.

ஆம்புலன்ஸில் துணையில்லாமல் போனது அவர்தான். அந்தப் பெண் மதுரை போகும் வழி முழுக்க நினைவோடு இருந்தாராம். தண்ணீர் கேட்டாராம், வீட்டுக்காரரைக் கேட்டாராம். அவர் ஊருக்குள் தேடி, காட்டுக்குள் தேடி, திரும்பி வந்து விஷயம் தெரிந்து மதுரைக்குப் போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

இதைப் பல பேரிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறேன். மெஷின் ரிப்பேர், அப்டேட் பாதியில் நின்றுவிட்டது, போர்மேன் ஆளை மாற்றியது எனக்கு எப்படித் தெரியும் என்றெல்லாம். கேட்டவர்கள் எல்லாரும் என் மேல் தப்பில்லை என்றுதான் சொன்னார்கள். என் மனைவியும் அதையே சொன்னாள், ஆனால் சொல்லும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். நான் எவரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. பட்டியலின் தலையில் தேதி இருந்தது. முந்தின நாள் தேதி. நான் அதைப் பார்த்தேன். ஒரு நாளில் என்ன பெரிதாக மாறியிருக்கும் என்று நினைத்துத்தான் நம்பரைப் படித்தேன். எதிரில் நிற்கிறவரிடம் தெரியாது என்று சொல்ல என் வாய்க்குப் பழக்கமில்லை.

பதினாறாம் நாள் முடிந்தபின் அந்த லோடு டிரைவர் வீட்டுக்குப் போனேன். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். கொஞ்ச நேரம் வண்டி பற்றிப் பேசினோம். பிறகு அவர் கேட்டார்:

"பாய், நீங்க பாத்துச் சொன்னீகள்ல, அந்த லிஸ்டு எந்தத் தேதி லிஸ்டு?"

"முந்தின நாளு."

"தேதி போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"பாத்தீகளா?"

"பாத்தேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து உள்ளே போனார். நான் காத்திருந்தேன். அவர் வரவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. கிளாஸை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். பல மாதம் கழித்துத் திறந்தார்கள். அக்கா போன் செய்தார். "மெஷின்ல எதப் போடணும்னு நீங்க வந்து சொல்லுங்க பாய்" என்றார். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சொல்ல முடியவில்லை.

இந்த முறை முதலில் அவரிடம் கேட்டேன். எத்தனை மணிக்கு வருவீக, எப்படி அணைப்பீக, இடி வந்தால் கை எங்கே போகும் என்று எல்லாம் கேட்டேன். அதே ஓ.எஸ்.ஸைத்தான் போட்டேன். அதன் மேல் குற்றமில்லை, அதற்கு இடி பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து செய்தாலொழிய அப்டேட் ஆகாதபடி நிறுத்தினேன். பத்துத் தடவை மெயினை இறக்கி ஏற்றிப் பார்த்தேன். அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து மேஜையில் வைத்தேன். கடைசியாக, பட்டியலைத் திறந்தால் முந்தின நாள் பேர்கள் வராதபடி மாற்றி வைத்தேன். அன்றைய தேதி மட்டும் பெரிய எழுத்தில் வரும். கீழே எல்லாக் கட்டமும் வெறுமையாக இருக்கும்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்ன பாய், ஒண்ணையும் காணோம்?"

"காலைல நீங்க ஏத்துற வரைக்கும் யாரு எங்கன இருக்காகன்னு அதுக்குத் தெரியாதுக்கா. அதான் தெரியாதுன்னு காட்டுது."

அக்கா நோட்டைத் திறந்து கோடு போட ஆரம்பித்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்:

"இத அன்னைக்கு நீங்க சொல்லிருக்கலாம்."