மூன்று தடவை கூப்பிடுகிறவர்

அந்தக் கோர்ட்டில் நீதிபதிக்கு அடுத்தபடி பெரிய ஆள் யார் என்று கேட்டால், டவாலி தன்னைத்தான் சொல்வார். அடுத்தபடி என்பதே அவர் தன்னடக்கத்தோடு விட்டுக்கொடுத்த இடம். வெள்ளை உடுப்பு, தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் ஒரு பித்தளை வில்லை. வேலை என்னவோ, கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதுதான். ஒரு பெயரை மூன்று தடவை கூப்பிட வேண்டும். மூன்றாவது தடவையும் ஆள் வராவிட்டால் நீதிபதி பக்கம் திரும்பி, "ஆஜர் இல்லைங்கய்யா" என்று சொல்ல வேண்டும். சைக்கிள் திருடியவனானாலும் கொலை செய்தவனானாலும் அதே மூன்று தடவை, அதே குரல்.

குரல் என்றால் லேசுப்பட்ட குரல் இல்லை. வராந்தாவில் தூங்குகிற கட்சிக்காரர்கள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். வீட்டிலும் அதே குரல்தான். "மாமா உப்பு கேட்டா பக்கத்து வீட்டு அக்கா உப்போட வந்துடுறாங்க" என்று அவருடைய மைத்துனன் கேலி செய்வான்.

மனைவியின் ஒரே தம்பி அவன். பேருந்து நிலையத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பழைய போனை வாங்கிச் சரிசெய்து விற்பதும் உண்டு. டவாலிக்கு அவன்மேல் கொள்ளைப் பிரியம். வெளியே காட்டிக்கொண்டால் வில்லைக்கு இழுக்கு என்று உர்ரென்றே இருப்பார்.

ஒருநாள் பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்தது. ஏழு பேர் செத்தார்கள். அதில் ஒருவர், டவாலி தினமும் பேப்பர் வாங்குகிற கடைக்காரர். ஊருக்குக் கோபம் வந்ததில் தப்பில்லை. டவாலி அன்று சாப்பிடாமல் படுத்ததிலும் தப்பில்லை. அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் ஆடிய ஆட்டம்தான் காணச் சகிக்கவில்லை.

முதலில் ஆடியது வக்கீல்கள் சங்கம். சங்க அறைக்கு ஒரு மின்விசிறி வாங்குவதற்கே வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டவர்கள், பிடிபட்ட மூன்று பேருக்காகவும் யாரும் ஆஜராகக் கூடாது என்று ஒரே மூச்சில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். காதில் மிஷின் மாட்டியிருக்கும் ஒரு கிழ வக்கீல் மட்டும் கேட்கவில்லை. செவிட்டு வக்கீல் என்றுதான் அவருக்குப் பெயர். "இவன்தான் செஞ்சானான்னு கண்டுபிடிக்கத்தானேய்யா கோர்ட்டு? முன்னாடியே தெரியும்னா நாம எதுக்கு, இந்தக் கறுப்புக் கோட்டு எதுக்கு?" என்றார். அவர் வீட்டுக் கதவில் அழுகிய முட்டை வீசினார்கள். வீசியவர்களில் சிலர் அவரிடம் ஓசியில் ஜாமீன் வாங்கியவர்கள். நன்றி மறக்கவில்லை பாவம், வீடு தேடிப் போய் வீசினார்கள்.

அந்த மூன்று பேரைக் கூப்பிட வேண்டிய நாளில் டவாலியும் தன் பங்குக்கு ஆடினார். வராந்தா முழுக்கக் கூட்டம். அவர் மூன்று தடவை கூப்பிடவில்லை. "டேய்" என்று ஒரே ஒரு தடவை, நாயை விரட்டுகிற மாதிரி. கூட்டம் கைதட்டியது. நீதிபதி தலையைத் தூக்கிப் பார்த்தார், பிறகு பேனா மூடியைத் தேட ஆரம்பித்துவிட்டார். பேனா மூடி அவர் கையிலேயே இருந்தது.

கைதட்டல் தலைக்கேறிவிட்டது. அன்று சாயங்காலமே பொதுக்கூட்டத்தில் டவாலிக்கு மேடை கிடைத்தது. மைக் தேவைப்படாத ஒரே பேச்சாளர்.

"இவனுங்களுக்குக் கோர்ட்டு ஒரு கேடா? மிலிட்டரிக் கோர்ட்டுல விடுங்க! அங்க வாய்தா கிடையாது, வக்கீல் கிடையாது, கூப்பிட டவாலி கிடையாது! ஒரே வாரத்துல முடிச்சுடுவான்!"

வீட்டில் மனைவி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "டவாலியே வேண்டாம்னு டவாலியே சொன்னா, நாளைக்கு நமக்கு யாருங்க சோறு போடுவா?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இது நாட்டுப் பிரச்சனை."

"மாமா பேச்சு என் கடை வரைக்கும் கேட்டுச்சுக்கா" என்றான் தம்பி, சிரித்துக்கொண்டே.

அரசாங்கமும் இறங்கி வந்தது. இந்த வழக்கையும், இதைச் சேர்ந்த எல்லா ஆட்களையும், ஊருக்கு வெளியே ராணுவ முகாமில் இருக்கும் கோர்ட்டுக்கு மாற்றியது. சங்கத்தில் வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். குண்டு வெடித்த ஊரில் வெடி!

இரண்டு வாரம் கழித்து, பட்டப்பகலில் ஒரு ஜீப் வந்து மைத்துனனை ஏற்றிக்கொண்டு போனது. குண்டோடு கட்டியிருந்த செல்போன் அவன் விற்ற பழைய போனாம். "யாருக்கு வித்தேன்னு சொல்றேன், ஆளைக் காட்டுறேன்" என்று அவன் ஜீப்பில் ஏறும்வரை கத்தினானாம். சாதாரணக் கோர்ட்டாயிருந்தால் கூண்டில் ஏறி அதைச் சொல்ல அவனுக்கு அரைமணி நேரம் போதும்.

"விசாரிச்சுட்டு விட்டுடுவாங்க" என்றார் டவாலி. மறுவாரமும் அதையே சொன்னார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கடுத்த வாரம் சொல்லவில்லை.

சங்கத் தலைவரிடம் போனார். "தீர்மானம் இருக்கேப்பா. நீயும்தானே மேடையில பேசின" என்று பல்லைக் காட்டினார் அவர். நீதிபதியின் அறைக்குப் போனார். "எனக்கு அங்க அதிகாரம் இல்லப்பா" என்றார் நீதிபதி. இந்தத் தடவை மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கடைசியில், முட்டைக் கறை இன்னும் போகாத அந்தக் கதவைத் தட்டினார்.

"நான் வரத் தயார்" என்றார் செவிட்டு வக்கீல். "அந்த மூணு பேருக்காகப் போனப்பவே என்னை முகாம் கேட்டுக்குள்ள விடலையே. நீங்கதான் கேட்டு வாங்கினீங்க, வக்கீல் இல்லாத கோர்ட்டு."

டவாலிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் காலை மனைவியோடு முகாமுக்குப் போனார். உடுப்பைப் பார்த்தாவது மதிப்பார்கள் என்று பட்டையும் வில்லையும் போட்டுக்கொண்டு போனார். நீண்ட மதில், இரும்பு கேட், துப்பாக்கியோடு ஒரு காவல்காரன்.

"பேண்டு வாத்தியமா?" என்றான் அவன்.

"கோர்ட்டு டவாலிங்க. என் மைத்துனன் உள்ள இருக்கான். விசாரணை என்னைக்குங்க?"

"சொல்லக் கூடாது."

"முடிஞ்சுடுச்சா?"

"அதையும் சொல்லக் கூடாது."

"ஆள் இருக்கானான்னாவது..."

"அந்தப் பக்கம் போய் நில்லுங்க."

இருவரும் எதிர்ப்புறம் போய் வெயிலில் நின்றார்கள். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. எந்தக் கட்டடம் கோர்ட் என்றுகூடத் தெரியவில்லை. மனைவி மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்பிடுங்க" என்றாள்.

"யாரை?"

"ஊரில இருக்கிறவனையெல்லாம் கூப்பிடுறீங்க. என் தம்பியைக் கூப்பிடுங்க. நாம வந்திருக்கோம்னாவது அவனுக்குத் தெரியட்டும்."

டவாலி தொண்டையைச் செருமிக்கொண்டார். மைத்துனனின் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, கோர்ட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். காவல்காரன் திடுக்கிட்டுத் துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டான். மதிலுக்கு மேலே இருந்த காக்கைகள் பறந்தன. காத்திருந்தார். இரண்டாம் தடவை கூப்பிட்டார்.

"யோவ், நிறுத்துய்யா! எத்தனை தடவை?" என்று கத்தினான் காவல்காரன்.

"மூணு" என்றார் டவாலி. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மூன்றாம் தடவையும் கூப்பிட்டார். ஒரு பதிலும் இல்லை.

இத்தனை வருஷப் பழக்கம், உடம்பு தானாகத் திரும்பியது. நீதிபதி இருக்க வேண்டிய இடத்தில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆஜர் இல்ல..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.