பாடு முடியும்வரை

பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. இறால் ஓடுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் சில நாள் முறை வரும், அதையும் பாடு என்றே சொல்வோம். அந்த நாட்களில் போகவில்லையென்றால் போனதுதான், அடுத்த முறைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். நானும் அண்ணனும் ஒரே படகு, ஒரே பாடு.

போன வருஷம் அண்ணனுக்கு வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை மரத்துப்போனது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லேசான பக்கவாதம், தப்பித்துவிட்டார் என்றார்கள். ரத்தம் கட்டாமல் இருக்க தினம் ஒரு மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கேட்டுக்கொண்டவன் நான். வீட்டில் பன்னிரண்டாவது வரை படித்தவன் நான் ஒருவன்தான். மாத்திரை அட்டையைத் திருப்பிப் படித்து அண்ணிக்கு விளக்கம் வேறு சொன்னேன்.

கை சரியாகி அண்ணன் மறுபடி வலைக்கு வந்தார். இறாலோடு நண்டும் ஏறும். நண்டு கடிக்காத கை எங்கள் ஊரில் கிடையாது. தண்ணீரில் அலசிவிட்டு வேலையைப் பார்ப்போம். அன்றைக்கு அவர் கட்டைவிரலில் கொடுக்கு இறங்கியது. துணி சுற்றினோம், ஊறியது. இன்னொன்று சுற்றினோம், அதுவும் ஊறியது. வலைக்கயிறெல்லாம் பிசுபிசுத்தது.

"இன்னாடா இது, நிக்கவே மாட்டேங்குது" என்றார். பயந்திருந்தார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. முறையில் இன்னும் நாலு நாள் இருந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒற்றை ஆளாய் நான் எதை இழுப்பது?

"எல்லாம் அந்த மாத்திரைதாண்ணா. பாடு முடியறவரைக்கும் நிறுத்து. நாலு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

"டாக்டரு விடக் கூடாதுன்னாரே."

"அவரா வந்து நண்டு எடுக்கப் போறாரு?"

அண்ணன் சிரித்துவிட்டார். மறுநாளிலிருந்து, அண்ணி கையில் கொடுக்கும் மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படகேறினார். அண்ணியிடம் சொல்லாதே என்றதும் நான்தான்.

நாலாம் நாள், கடைசி வலையைத் தூக்கும்போது கயிற்றை விட்டுவிட்டார். கூப்பிட்டேன். ஏதோ சொல்ல வந்தவர் அப்படியே படகில் சாய்ந்தார். பொன்னேரிக்குப் போகும் வழியில், வண்டி திருப்பாலைவனம் தாண்டும்போதே நினைவு போய்விட்டது. பொன்னேரியிலிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள்.

ரத்தம் அடைத்த இடம் பெரிதில்லை, அதைச் சுற்றி மூளை வீங்கியிருப்பதுதான் பயம் என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. கெளுத்தி மீன் முள் குத்திய இடம் ஊசிமுனையளவுதான் இருக்கும், முழங்கைவரை வீங்கும். நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். ரத்தத்தில் இருக்கிற அணுக்கள் கட்டிக்கொள்வதோடு நிற்காமல் வீக்கத்தையும் கிளப்பிவிடுமாம்.

"மாத்திரை சாப்பிட்டிருந்தா இவ்வளவு ஆகாம இருந்திருக்கலாம். யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சட்டைப் பையில் கிடைத்த நாலு மாத்திரைகளை அண்ணி உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"யாரு சொல்லப் போறாங்க? இந்த மனுசன் யாரு பேச்சைக் கேட்டாரு? எல்லாம் திமிரு" என்று அழுதார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன்.

வீக்கம் வடிந்தது. பேச்சு வரவில்லை, வலது கையும் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வீம்பு பிடித்துக் கெட்டார் என்று ஊரே அண்ணனைப் பேசுகிறது. அவரால் இல்லை என்று சொல்ல முடியாது. அவருக்குப் பேச்சு வர வேண்டும் என்று நானும்தான் வேண்டிக்கொள்கிறேன். வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே வேண்டிக்கொள்கிறேன். இதைவிடக் கேவலம் எனக்குத் தெரியவில்லை.

மாத்திரை கொடுத்தால் அண்ணன் வாயைத் திறப்பதில்லை. தலையைத் திருப்பிக்கொள்கிறார். அண்ணி தினமும் காலையில் எனக்குத்தான் ஆள் அனுப்புகிறார்.

"நீ வந்து சொல்லு தம்பி. உன் பேச்சுன்னா கேக்கறாரு."

போகிறேன். அண்ணன் என் முகத்தையே பார்க்கிறார்.

"போட்டுக்கோண்ணா" என்கிறேன். உடனே வாயைத் திறக்கிறார்.